முதுமையின் மேல் விழுந்த பழி

எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், காலையில் சாப்பிட்ட இட்லியைச் சற்று நேரத்திலேயே மறந்துவிட்டு, ‘எனக்கு இன்னும் யாரும் பலகாரம் கொடுக்கவில்லை’ என்று வருவோர் போவோரிடமெல்லாம் முறையிடுவதையும், ஆயுள் முழுவதும் நடந்து பழகிய தெருவில் வழி தெரியாமல் திகைத்து நிற்பதையும், பெற்ற மகனைப் பார்த்தே ‘தம்பி, நீங்க எந்த ஊரு?’ என்று மரியாதையாக விசாரிப்பதையும் கண்டால், நம்மவர்கள் வெகு காலமாகச் சொல்லிவரும் சமாதானம் ஒன்று உண்டு: ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்.’ கேட்பதற்கு அன்பான வார்த்தையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு வார்த்தையை நம்பி, வைத்தியரிடம் அழைத்துப் போக வேண்டியவர்களை அழைத்துப் போகாமலும், வியாதியின் வேகத்தில் செய்ததையெல்லாம் வேண்டுமென்றே செய்ததாக எண்ணி மனம் கசந்தும், எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியை இழந்து நிற்பதைப் பார்க்கும்போது, அந்தச் சமாதானத்தை இனியும் சொல்லிக்கொண்டிருக்கலாகாது என்றே எனக்குத் தோன்றுகிறது. மூப்பு வேறு, டிமென்ஷியா என்று வைத்தியர்களும் மறதி நோய் என்று மற்றவர்களும் சொல்லும் வியாதி வேறு.

வயது ஏற ஏற ஞாபக சக்தி சற்று மந்தமாவது இயற்கையே. தெரிந்தவரின் பெயர் சட்டென்று நாவில் வராமல் அரைமணி கழித்து வருவதும், மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும், ரசத்துக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்று சந்தேகப்படுவதும் கவலைக்குரிய விஷயங்கள் அல்ல. ஆனால் ஒரு தலைமுறைக் காலம் சமையலறையை நிர்வகித்த ஒரு பெண்மணி, ஒரு நாள் அடுப்பின் முன் நின்றுகொண்டு, சாம்பாருக்குப் பருப்பை முதலில் வேக வைப்பதா, புளியை முதலில் கொதிக்க வைப்பதா என்று தெரியாமல் கையைப் பிசைவாரானால், அதை மூப்பின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஞாபகத்தோடு, யோசித்து முடிவு செய்யும் திறமையும், வேண்டிய சொல்லைத் தேடி எடுக்கும் திறமையும், இடமும் காலமும் அறியும் திறமையும் படிப்படியாகக் குறைந்து, அன்றாடக் காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ள முடியாத கட்டத்துக்கு ஒருவர் வந்துவிட்டால், அதுதான் டிமென்ஷியா. பார்க்கின்சன் நோய், வலிப்பு, பக்கவாதத்தின் பின்விளைவுகள் முதலிய நாட்பட்ட நரம்பு வியாதிகளின் கூட்டத்தைச் சேர்ந்ததே இதுவும். ஆயினும், கை நடுங்குவதைக் கண்டால் ‘ஐயோ பாவம், வியாதி’ என்று உடனே இரங்குகிற உலகம், புத்தி தடுமாறுவதைக் கண்டால் அதை அந்த மனிதருடைய குணமாகவே கருதிவிடுகிறது. உடம்பில் தென்படும் நோய்களுக்கு இல்லாத அநீதி இது.

இந்த வியாதியின் சரித்திரத்திலேயே அதே பிழை வெகு காலம் இருந்திருக்கிறது. 1901ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்து மனநோய் மருத்துவமனையில், அகுஸ்டே டேட்டர் என்ற பெண்மணியைச் சேர்த்தார்கள். ரயில்வேயில் எழுத்தராக இருந்த ஒருவரின் மனைவி. வயது 51தான். முதலில் கணவர்மேல் காரணமில்லாத சந்தேகம். பிறகு சமையலில் பிழைகள். பிறகு வீட்டுப் பொருள்களை எடுத்து ஒளித்து வைத்தல். பிறகு தம் வீட்டுக்குள்ளேயே திக்குத் தெரியாத நிலை. அவரைப் பரிசோதித்த அலோய்ஸ் அல்சைமர் என்ற வைத்தியர், கேட்ட கேள்விகளையும் பெற்ற விடைகளையும் வெகு நிதானமாகக் குறித்து வைத்தார். பெயர் என்ன என்று கேட்டால் ‘அகுஸ்டே’ என்கிறார். குடும்பப் பெயர் என்ன என்றாலும் ‘அகுஸ்டே’. கணவர் பெயரைக் கேட்டால், சற்றுத் தயங்கி, அதுவும் ‘அகுஸ்டே என்றுதான் நினைக்கிறேன்’ என்கிறார். மத்தியானம் தட்டில் காலிபிளவரும் பன்றி இறைச்சியும் இருக்க, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்குக் கீரை என்று பதில் சொல்லியிருக்கிறார். அந்தக் குறிப்பேடு பல காலம் காணாமற்போய், 1990களின் நடுவில் அதே நகரத்தில் மறுபடி கிடைத்தது.

1906 ஏப்ரலில் அகுஸ்டே இறந்தார். அதற்குள் மியூனிக் நகரத்துக்கு மாறியிருந்த அல்சைமர், அவருடைய மூளையை வரவழைத்து, வெள்ளி உப்பினால் சாயமேற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாக ஏதோ ஒரு பொருள் படிந்திருப்பதையும், அணுக்களுக்குள்ளே நுண்ணிய இழைகள் முறுக்கிக்கொண்டு சிக்காகக் கிடப்பதையும் கண்டார். அதே வருஷம் நவம்பர் 3ஆம் தேதி டூபிங்கன் நகரத்தில் கூடிய வைத்தியர் மகாநாட்டில் இதை விவரித்தார். கேட்டிருந்தவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 1910இல் எமில் கிரெப்லின் என்ற மனநோய் வைத்தியர் தம் நூலில் இந்த வியாதிக்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். ஆனாலும் அகுஸ்டே முதுமையை எட்டாதவர் என்பதால், அல்சைமர் நோய் என்பது நடுத்தர வயதில் அபூர்வமாக வருவது என்றும், எழுபதிலும் எண்பதிலும் வருவது வெறும் முதுமைத் தளர்ச்சியே என்றும் வைத்திய உலகமும் நம்மைப் போலவே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தது. 1968இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் பிளெஸ்ஸட், டாம்லின்சன், ராத் என்ற மூவர், இறந்துபோன முதியவர்களின் மூளைகளை ஆராய்ந்து, அந்தத் திட்டுகள் மிகுந்திருந்தவர்களே உயிரோடிருந்த காலத்தில் மிகுதியாகத் தடுமாறியவர்கள் என்று காட்டினார்கள். 1976இல் அமெரிக்க வைத்தியர் ராபர்ட் கேட்ஸ்மன், முதியவர்களைப் பீடிப்பதும் அகுஸ்டேயைப் பீடித்ததும் ஒரே வியாதிதான், அது அபூர்வமானதும் அல்ல, மிகக் கொடிய வியாதிகளில் ஒன்று என்று எழுதினார். முதுமையின் மேல் விழுந்திருந்த பழி நீங்கியது அப்போதுதான்.

திட்டாகப் படிவது அமிலாய்டு என்ற புரதம். இழையாகச் சிக்குவது டவ் என்ற மற்றொரு புரதம். அறிகுறிகள் வெளியே தெரிவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே இவை சேரத் தொடங்கிவிடுகின்றன. பெரும்பாலும் முதலில் பழுதுபடுவது, காதுக்குச் சற்று மேலே மூளையின் உட்புறமாக அமைந்துள்ள ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதி. புதிய அனுபவங்களை ஞாபகத்தில் பதிய வைப்பது அதன் வேலை. கடையில் கணக்குப்பிள்ளை படுத்துவிட்டால் பழைய பேரேடுகள் அலமாரியில் பத்திரமாக இருக்க, இன்றைய வரவு செலவு மட்டும் எழுதப்படாமலே போவதைப் போல, கல்யாணத்தன்று என்ன பட்சணம் போட்டார்கள் என்பதை வரிசையாகச் சொல்லும் தாத்தாவுக்கு, இன்று காலையில் மகள் வந்து போனது தெரியாமற்போகிறது. ‘பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு, எங்க கிட்டதான் நடிக்கிறார்’ என்று பிள்ளைகள் வருத்தப்படுவதை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். நடிப்பு எதுவும் அதில் இல்லை. மூளையில் எந்த இடம் முதலில் கெட்டது என்பதுதான் அங்கே தெரிகிறது.

டிமென்ஷியாவில் நூற்றுக்கு அறுபது எழுபது பங்கு அல்சைமர் வகையைச் சேர்ந்தது. மூளையின் ரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது, லூயி என்பவரின் பெயரால் வழங்கும் நுண்துகள்கள் அணுக்களில் சேர்வதால் வருவது, நெற்றிப்புற மூளை சுருங்குவதால் வருவது என்று வேறு வகைகளும் உண்டு. அவற்றைவிட முக்கியமாக வாசகர்கள் அறிய வேண்டியது ஒன்று இருக்கிறது. பி-12 சத்துக் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மூளையில் நீர் தேங்குதல், எப்போதோ வழுக்கி விழுந்ததில் மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தம், மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகியவையும் அச்சாக இதே தோற்றத்தைக் கொடுக்கும். இவற்றில் பலவற்றுக்கு நல்ல சிகிச்சை உண்டு. ரத்தப் பரிசோதனை ஒன்றும் தலை ஸ்கேன் ஒன்றும் செய்து பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும் காரியத்தை, வயசாகிவிட்டது என்ற சமாதானத்தால் தவறவிடுவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

பரிசோதனை செய்வதிலும் ஒரு விவேகம் வேண்டும். பள்ளிக்கூடம் போகாத ஒரு கிராமத்து மூதாட்டியிடம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வா என்றும், இன்று ஆங்கிலத் தேதி என்ன என்றும் கேட்டு, விடை வராததால் மறதி நோய் என்று முடிவு கட்டுவது அநியாயம். என்ன தமிழ் மாதம், நடவு எப்போது நடந்தது, பொங்கல் போய்விட்டதா வரப் போகிறதா என்று கேட்டால் தயங்காமல் சொல்லுவார். வளரும் நாடுகளில் இந்த வியாதியை ஆராய்வதற்கென்று ஏற்பட்ட 10/66 என்ற சர்வதேசக் குழு, கல்வியின்மையை நோயாக எண்ணி ஏமாறாத சோதனை முறையை உருவாக்கியது. அதன் ஆய்வுக் களங்களில் நம் சென்னையும் வேலூர்க் கிராமங்களும் இடம்பெற்றன.

இனி வீட்டுக்குள் வருவோம். இந்த வியாதியின் சிகிச்சையில் பெரும்பங்கு நடப்பது வீட்டில்தான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எனக்கு உறவான ஒரு குடும்பம். மாமியாருக்கு இந்த வியாதி கண்டு சில ஆண்டுகள் ஆகின்றன. ஆரம்பத்தில் அந்த வீட்டில் தினந்தோறும் ஒரே வழக்கு: ‘என் செயினைக் காணோம். நீதான் எடுத்துட்டே.’ கூட இருந்து சோறு ஊட்டும் மருமகளைத்தான் அந்த அம்மாள் திருடி என்பார். ‘நான் எதுக்கு அத்தை உங்க செயினை எடுக்கப் போறேன்?’ என்று மருமகள் அழுவாள். பீரோவைத் திறந்து, துணிமணிகளைக் கீழே கொட்டி, கடைசியில் தலையணை உறைக்குள்ளிருந்து செயினை எடுத்துக் காட்டுவாள். காட்டியதனால் குற்றம் நீங்கவில்லை. ‘நீயே ஒளிச்சு வச்சு நீயே எடுக்கறே’ என்று அது வலுத்தது. வைத்த இடம் மனத்தில் பதியாமற்போன ஒருவருக்கு, பொருள் காணாமற்போனது மெய்யான அனுபவம். யாரோ எடுத்திருக்க வேண்டும் என்பது, மிஞ்சியிருக்கும் அறிவு செய்துகொள்ளும் அனுமானம். பக்கத்தில் இருப்பவள் மருமகள் என்பதால் பழி அவள்மேல் விழுகிறது. அகுஸ்டேயின் கணவரும் இப்படித்தான் சந்தேகத்துக்கு ஆளானார்.

இதை ஒரு வைத்தியர் விளக்கிச் சொன்ன பிறகு, அந்தப் பெண் தன் வழியை மாற்றிக்கொண்டாள். நான் அங்கே போயிருந்த ஒரு நாள் பார்த்தேன். செயினைக் காணோம் என்ற குரல் கேட்டதும், ‘காணோமா அத்தை? வாங்க, ரெண்டு பேருமா தேடுவோம்’ என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பீரோவைத் திறந்தார்கள். மேல் தட்டில் ஒரு பழைய அரக்குச் சிவப்புப் பட்டுச் சேலை இருந்தது. ‘இது எப்ப எடுத்தது அத்தை?’ என்றாள். அந்த அம்மாள் சேலையை மடியில் போட்டுக்கொண்டு, ஜரிகையைத் தடவியபடி, தம் நாத்தனார் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். செயின் பேச்சு அதோடு போயிற்று. அசல் நகையை வேறிடத்தில் பூட்டிவிட்டு, அதே மாதிரிக் கவரிங் செயின் ஒன்றைப் பீரோவில் வைத்திருப்பதாக மருமகள் பிறகு என்னிடம் சொன்னாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அங்கே வேறொரு கஷ்டம். வெளிச்சம் குறையும் நேரத்தில் இந்த நோயாளிகளுக்குக் கலக்கம் அதிகரிக்கும். ‘வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவாங்க’ என்று வாசற்படியில் வந்து நிற்பார். மகன் நல்லவர்தான், உண்மையைச் சொன்னால் புரியுமென்று, ‘இதாம்மா உன் வீடு. பாட்டி செத்து முப்பது வருஷம் ஆச்சே’ என்பார். தாய் இறந்த செய்தியை அன்றுதான் முதன்முதலாகக் கேட்பவராய் அந்த அம்மாள் கதறுவார். மறுநாளும் கேட்பார், மறுநாளும் புதிதாகக் கதறுவார். மருமகள் சொல்லும் பதில் வேறு: ‘போலாம் அத்தை, காப்பி குடிச்சிட்டுப் போலாம்.’ நாலரை மணிக்கே எல்லா விளக்குகளையும் போட்டுவிடுகிறாள். காப்பியான பிறகு தெருக்கோடிப் பிள்ளையார் கோயில்வரை கையைப் பிடித்து அழைத்துப் போய்த் திரும்பி வந்தால், வந்து சேர்ந்த இடம் வீடாகத் தெரிகிறது. இது பொய் சொல்வதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அறிவு தேய்ந்த பின்னும் பயமும் துக்கமும் அவமானமும் பிரியமும் மங்காமல் இருக்கின்ற ஒருவரை, நாள்தோறும் தாயின் சாவை அறிவித்து அழவைக்கும் உண்மையைவிட, இந்தக் காப்பியே தர்மமானது என்பது என் துணிபு.

குளிக்க மறுப்பதையும் பிடிவாதம் என்று எண்ணிவிட வேண்டாம். தலைமேல் திடீரென்று தண்ணீர் விழுவது அவர்களுக்குப் பயத்தைத் தரும். வெதுவெதுப்பான நீரை முதலில் பாதத்தில் ஊற்றி, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே, ஒரு சொம்பை அவர் கையிலும் கொடுத்துவிட்டால், பெரும்பாலும் இணங்குவார். குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கக் கூடாது. சமையல் முடிந்ததும் சிலிண்டரை மூடிவிட வேண்டும். தனியே வெளியே போய்விடக்கூடியவராக இருந்தால், பெயரும் வீட்டாரின் தொலைபேசி எண்ணும் பொறித்த வளையோ டாலரோ உடம்பில் இருப்பது அவசியம். சொத்து, வங்கிக் கணக்கு, உயில் முதலியவற்றை அவருக்கு நிதானம் இருக்கும் காலத்திலேயே அவர் விருப்பப்படி முடித்துவிட வேண்டும். ஒருவர் சித்த சுவாதீனத்தை இழந்துவிட்டால், அவர் எழுதிக்கொடுத்த சாதாரணப் பவர் பத்திரம் நம் சட்டப்படி செல்லாததாகிவிடும்.

நேற்றுவரை ஒருவாறு இருந்தவர் ஒரே நாளில் மிகவும் குழம்பினாலோ, சோர்ந்து கிடந்தாலோ, வியாதி முற்றிவிட்டது என்று விட்டுவிடலாகாது. மூத்திரத்தில் கிருமித் தொற்று, நெஞ்சில் சளி, மலச்சிக்கல், உடம்பில் உப்புக் குறைவு என்று ஏதோ ஒன்று உள்ளே இருக்கும். அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும். ராத்திரி தூங்குவதில்லை என்று மருந்துக் கடையில் தாமாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது மிக அபாயகரமானது. கடைசிக் கட்டத்தில் விழுங்குவதே சிரமமாகும். அப்போது நிமிர்ந்து உட்கார வைத்து, குழைவான ஆகாரத்தைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். படுக்கையோடு கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அகுஸ்டே டேட்டரின் உயிரைக் கொண்டுபோனது படுக்கைப் புண்ணிலிருந்து ரத்தத்தில் கலந்த விஷமே என்பதை இங்கே ஞாபகப்படுத்துகிறேன்.

மருந்துகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டைன் முதலியவை சிலருக்குச் சில காலம் ஓரளவு தெளிவைத் தரும். வியாதியை அவை நிறுத்துவதில்லை. அமெரிக்காவில் 2023இல் முழு அனுமதி பெற்ற லெகனெமாப் என்ற மருந்து மூளையில் படிந்த அமிலாய்டை அகற்றி, ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு வியாதியின் வேகத்தைச் சிறிது குறைக்கிறது. மூளையில் வீக்கமும் கசிவும் உண்டாகும் அபாயமும் அதில் இருக்கிறது. தடுப்பதில்தான் நம்பிக்கை அதிகம். 2024இல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையின் நிபுணர் குழு, டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவிகிதம் திருத்தக்கூடிய 14 காரணங்களோடு சம்பந்தப்பட்டது என்று கணக்கிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, மது, தலைக்காயம், உடலுழைப்பின்மை, தனிமை ஆகியவற்றோடு, நாம் அலட்சியம் செய்யும் காது மந்தமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. காது கேட்காத பெரியவரிடம் யாரும் பேசுவதில்லை. பேச்சு நின்ற இடத்தில் மூளைக்கும் வேலை நின்றுவிடுகிறது. அவருக்குக் காதுக் கருவி வாங்கித் தருவது வீண் செலவு என்று எண்ணாதீர்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வரும் பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் நாற்பது ஐம்பது வயதிலேயே ஒழுங்காகச் சாப்பிடுகிறவர், தம் எழுபதாம் வயதின் மூளைக்கும் சேர்த்தே வைத்தியம் செய்துகொள்கிறார்.

நம் தேசத்தில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்த வியாதி இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் மிகுதி. 1992இல் கேரளத்தில் தோன்றிய இந்திய அல்சைமர் சங்கமும், 1984இல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் நிறுவிய ஸ்கார்ப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் போன்ற அமைப்புகளும் நல்ல தொண்டு செய்துவருகின்றன என்றாலும், இவ்வளவு பெரிய தொகைக்கு அது எம்மட்டு! 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, நாட்பட்ட நரம்பு வியாதிகளையும் அதில் சேர்த்து, பார்க்கின்சனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. டிமென்ஷியாவின் பெயர் அங்கே இல்லை. அதைச் சேர்ப்பது சர்க்காரின் கடமை என்று நான் கருதுகிறேன்.

ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாதவள் அந்த மருமகள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை; நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கிப் பல மாதங்கள் ஆகின்றன; உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால், ‘மாமியாரை யார்கிட்ட விட்டுட்டு வந்தே?’ என்று முதலில் விசாரிக்கிறார்கள். அந்த அம்மாளுக்கு மூன்று மகள்கள் இருக்கிறார்கள். மூவரும் தொலைபேசியில் யோசனை சொல்கிறார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களே மனச்சோர்வுக்கு ஆளாவது சர்வ சாதாரணம். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணும் இலவசமாக இருக்கின்றன. கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. உங்கள் உறவிலோ தெருவிலோ இப்படி ஒரு வீடு இருந்தால், யோசனை எதுவும் சொல்லாமல், வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே போங்கள். ‘இன்னிக்கு நான் பார்த்துக்கிறேன், நீ போய்த் தூங்கு’ என்று அவளிடம் சொல்லி, சாயங்காலம்வரை இருங்கள். அடுத்த ஞாயிறும் போங்கள்.